வெள்ளையம்மா காவல் வைத்த பாலம்

தெரணியகலையில் எனக்குப் பலசரக்குக் கடை. ஊருக்கெல்லாம் நான் கபூர் நானா, அதாவது கபூர் அண்ணன். இந்தக் கதைக்கு வேண்டிய சிவப்புத் துணி, குங்குமம், கற்பூரம் எல்லாம் விற்றவன் நான்தான். ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

வெள்ளையம்மா ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவள். வாய் என்றால் வாய். என் தராசை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. ஒரு மழைக்காலத்தில் அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி. கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஆற்று வெள்ளம் இறங்க விடவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியைக் காணாமல் கரையிலேயே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

அதனால், வெளிநாட்டுக் கடனில் பாலம் வருகிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தூண்கள் எழும்பின. இக்கரையில் இரும்பு உத்திரங்கள் வந்து இறங்கின. தொண்ணூற்று நாலில் ஆட்சி மாறியது. பழைய ஆட்சி போட்ட ஒப்பந்தம் செல்லாது என்றது புது அரசாங்கம். செல்லும் என்று வழக்குப் போட்டுவிட்டு, பாலம் கட்ட வந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஊர் போய்ச் சேர்ந்தது. நம் பாலம் மட்டும் நட்டாற்றில் நின்றது.

உத்திரங்களை வேறொரு மந்திரியின் தொகுதிக்கு ஏற்றப்போகிறார்களாம். அதைக் கேட்ட அன்றுதான் வெள்ளையம்மா என் கடைக்கு வந்தாள். மறுநாள் லொறி வந்தபோது, உத்திரங்களின் மேல் சிவப்புத் துணி கட்டி, குங்குமம் பூசி ஒரு கல். பக்கத்தில் சூலம். தோட்டத்தில் மரத்தடியில் காவல் முனி வைப்பார்களே, அதே மாதிரி.

"எப்பா மாத்தயா, தெய்யோ இன்னவா!" என்று சிங்களத்தில் கத்தினாள். வேண்டாம் ஐயா, சாமி இருக்கிறார் என்று அர்த்தம். சிங்கள டிரைவரும் சாமிக்குப் பயந்தவன்தானே? கும்பிட்டுவிட்டு வெறும் லொறியைத் திருப்பினான்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பத்து வருஷத்தில் அந்த முனிக்குப் பொங்கல், சேவல், நேர்த்திக்கடன் என்று ஏகப்பட்ட மவுசு. பிள்ளை வரம்கூடக் கிடைத்ததாம்.

ஒருவழியாக வழக்கு சமரசமாகி, கம்பெனி திரும்பி வந்தது. இப்போது கல்லை எடுக்க ஆளில்லை. தோட்டமே குறுக்கே நின்றது. கிரேன்காரனும் கும்பிட்டு ஒதுங்கினான். இந்த மாதம் வேலை தொடங்காவிட்டால் கடன் ரத்தாகும் என்றார் எஞ்சினியர்.

வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "நான்தாங்க வச்சேன். ஆத்துல கெடந்த கல்லுங்க. கபூர் நானாவக் கேளுங்க!"

"ஒன்னைய வைக்கச் சொன்னதே அந்த முனிதான் புள்ள" என்றார் கோயில் தலைவர் நாகலிங்கம்.

பொய் என்று தெரிந்தவள், அவளுக்கென்ன பயம் என்று நினைத்தேன். கல்லைத் தொடுமுன் அவள் விழுந்து கும்பிட்டாள். அட, இவளும் நம்பிவிட்டாளே!

"குத்தம் இருந்தா என்னோட போகட்டும் சாமி" என்று அழுதுகொண்டே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே உத்திரங்கள் எழும்பின. கல்லை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"நானா, நெசமாவே இதுல சாமி இருந்துட்டா?"



"இருந்தா, நீ என்னத்துக்குத் தூக்கினேன்னு அவருக்கு வெளங்கும் தங்கச்சி."