பதினோராவது வாரத்தில் இராமேசுவரம்: இடப்பக்கம் திரும்பும் கழுத்துக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். காரணம் என் கழுத்து. அது தன்னிஷ்டத்துக்கு இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். திரும்பிய பிறகு வெட்டி வெட்டி ஆடும். செர்விகல் டிஸ்டோனியா என்று பெயர். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய்க் கழுத்துத் தசைகளில் பொட்டுலினம் டாக்ஸின் ஊசி போட்டுக்கொள்கிறேன். போட்டு ஒரு வாரம், பத்து நாளில் தசை இளகி முகம் நேராகும். பத்தாவது வாரத்துக்குப் பிறகு மருந்தின் பிடி தளர்ந்துவிடும். முன்கூட்டியே போடச் சொன்னால் டாக்டர் மறுத்துவிடுவார். நெருக்கி நெருக்கிப் போட்டால் நாளாவட்டத்தில் மருந்தே கேட்காமல் போகலாமாம்.

ஆக, ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு வாரமும் ஊசிக்குப் பிந்தைய ஒரு வாரமும் நான் வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பதால் அது முடிந்தது. சென்ற மாதம் ஒருநாள் சும்மா கூட்டிப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் இரண்டே முக்கால் வருடம் வீட்டுக்குள் போயிருக்கிறது. யாரும் பூட்டி வைக்கவில்லை, நானேதான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அது பதினோராவது வாரம். சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சவூதியிலிருந்து திரும்பி வந்துவிட்ட என் அண்ணன்தான் ஒவ்வொரு ஊசிக்கும் கூட வருபவர். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ரெண்டு வாரம் பொறும்மா. ஊசியப் போட்டு, கழுத்து நேரானதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"நேரா இருக்கும்போது போறதுல என்ன இருக்கு காக்கா. நான் இப்பவே போறேன், தனியா."

"சரி, போ. ஆனா எவனாச்சும் எனக்குப் போன் போட்டு, உங்க தங்கச்சிய வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா, இந்தத் தனியாப் போற பேச்சையே விட்ரணும்."

"ஒரு போனும் வரலைன்னா?"

"வரலைன்னா மதுரைக்கும் நீயே போய்க்க."

சனிக்கிழமை காலை 6.20க்குப் பேருந்து. இராமேசுவரத்துக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், அன்று சீட்டு ஐம்பது ரூபாய். முதல் குறிப்பு இங்கேயே: கழுத்து இடப்பக்கம் திரும்புகிறதா, இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வேடிக்கை பார்க்கிற ஆள் மாதிரி இருப்பீர்கள், ஒருவரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். பாம்பன் பாலத்தில் ஏறியதும் ரயில் பாலம் முழுக்க அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் அசையாமல் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கழுத்து எனக்கு ஒரு நல்ல சீட் பிடித்துக் கொடுத்தது.

7.50க்கு இறங்கி விடுதிக்கு ஆட்டோ எடுத்தேன், எண்பது ரூபாய். ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும், உடனே இடப்பக்கம் திரும்பித் தெருவைப் பார்ப்பதுமாக வந்தார். கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"யக்கா, அங்கன யாரையும் தேடுறீகளா? நிறுத்தவா?"

"யாரையும் தேடல தம்பி. என் கழுத்து அப்படி."

"அடடா. இருவத்திரெண்டு தீர்த்தமும் ஆடுனா சரியாப் போகும்க்கா."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டிலும் ஆரம்பத்தில் ஓதிப் பார்த்தார்கள், நேர்ந்துகொண்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். எல்லாமே என் மேல் உள்ள பிரியத்தில் செய்தது. ஆனால் என் தசைக்குப் புரிகிற பாஷை இதுவரை அந்த ஊசி ஒன்றுதான். அதையும் குறை இல்லாதது என்று சொல்ல மாட்டேன். சில சுற்றுகளில் இரண்டாவது வாரம் சோறு விழுங்கச் சிரமமாக இருக்கும், கஞ்சியில் ஓட்டியிருக்கிறேன். சில முறை தலையைத் தாங்கக் கழுத்தில் தெம்பே இருக்காது. டாக்டர் அளவைக் குறைப்பார், இடத்தை மாற்றுவார், மறுபடி பார்ப்போம். "எத்தன வருசத்துக்கு இந்த விஷத்தப் போட்டுக்குவே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில்: கழுத்து இருக்கும் வரைக்கும்.

அறையில் சாமானை வைத்துவிட்டு, பத்தே முக்காலுக்கு அரிச்சல்முனைப் பேருந்தில் ஏறினேன். இருபத்தோரு கிலோமீட்டர், முப்பது ரூபாய், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போகும்போது இடப்பக்கம் இருப்பது அலையில்லாத பெண்கடல். திரும்பி வரும்போது அதே இடப்பக்கத்துக்கு ஆண்கடல் வந்துவிடும், சத்தமும் நுரையுமாக. ஒரே பக்கம் பார்க்கிற கழுத்து இரண்டு கடலையும் பார்த்துவிட்டது. முனையில் காற்று கடுமையாக இருந்தது. வலப்பக்கக் கழுத்துத் தசை கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு, வலி தோள் வரை இறங்கியது. ஒரு விரலைத் தாடையில் வைத்தேன். காரணம் கேட்காதீர்கள், விரல் பட்டால் தலை கொஞ்ச நேரம் அடங்கி நிற்கும். எங்களில் நிறையப் பேருக்கு இப்படி ஒரு கைவைத்தியம் உண்டு. பக்கத்தில் நின்ற பெண் நான் போட்டோவுக்கு நிற்கிறேன் என்று நினைத்து, "எடுத்துத் தரவா?" என்றாள். எடுத்தும் தந்தாள். வலியோடு நிற்கிற படம், ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

ஞாயிறு காலை 5.30க்கு அறையைக் காலி செய்து பாம்பன் கரையில் இறங்கினேன். வீட்டுக்கு விளமீன் வாங்கிப் போக வேண்டும், எங்கள் வீட்டு ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு, அதுதான் பொருத்தம். நாட்டுப்படகுகள் வந்து, மணலில் கூடை கூடையாக மீனைக் கொட்டி ஏலம் போடுகிறார்கள். சுற்றி வியாபாரிகள். ஏலம் போட்டவர் பெயர் அருளு என்று பிறகு தெரிந்தது. அங்கே யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, ஏலக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தால் போதும், விலை ஏறிவிடும். இது தெரியாமல் நான் இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றுவிட்டேன்.

என் தலை வெட்டியது. "எழுநூறு!" மறுபடி வெட்டியது. "எழுநூத்தம்பது! அந்தாக்கா! வேற யாரு... முடிஞ்சுது!" என் காலடியில் ஒரு கூடை சூடை மீன் வந்து விழுந்தது. பத்துக் கிலோவாவது இருக்கும்.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ரீட்டா என்ற அம்மாள்தான் நிமிர்ந்து கத்தினார். "ஏலே அருளு, அவுக எங்கலே கேட்டாக? அந்தப் புள்ளைக்குத் தல தானா ஆடுதுலே!"

அருளு கூடையை எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார். யாரோ பெட்டியைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்தார்கள், யாரோ டீ வாங்கி வந்தார்கள். ரீட்டா தோளைத் தொட்டு, "வீட்டு நம்பரக் குடு தாயி. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுதேன்" என்றார், செல்போனைக் கையில் எடுத்தபடி.

ஒரே ஒரு அழைப்பு. காக்கா அடுத்த பேருந்தில் வந்துவிடுவார், அதோடு என் கதை முடிந்தது. "நம்பர் வேண்டாம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. மீன் வாங்க வந்தேன்" என்றேன். டீயைக் குடித்து முடித்து எழுந்தேன்.

அப்போது விளமீன் வந்தது. கையைத் தூக்கினேன். அருளு என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல் அடுத்தவரிடம் போனார். மறுபடி தூக்கினேன். "அவுகள விடுங்கப்பா, பாவம்" என்றார். பிறகு எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று தெரியவில்லை. நேராக வளையத்துக்குள் போய் நின்றேன்.

"அண்ணே, தல ஆடுறது என் சீக்கு. கை தூக்குறது நானு. தலையப் பாக்காதீங்க, கையப் பாருங்க."

அவர் என் கையைப் பார்த்தார். "சரி தாயி. கேளுங்க."

ஒரு விரலைத் தாடையில் வைத்துக்கொண்டு, மறு கையைத் தூக்கினேன். எதிரில் நின்ற வியாபாரி ஏற்றினார், நான் ஏற்றினேன், அவர் இன்னும் ஏற்றிக் கூடையைக் கொண்டுபோய்விட்டார். கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அடுத்த கூடை சின்னது, நான்கு கிலோ. ஆயிரத்து நானூறுக்கு என் கையோடு ஏலம் நின்றது. ரீட்டா ஒரு பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நம்பர் மறுபடி கேட்டார், இந்த முறை எனக்கு அடுத்த தடவை மீன் சொல்லி வைக்க.

9.40க்கு வீடு. காக்கா வாசலிலேயே நின்றார், கையில் செல்போன். அது ஒலிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தவர், "யாரு வாங்கிக் குடுத்தா?" என்றார். "ஏலத்துல எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போய்விட்டேன். அன்று முழுவதும் வலி பிய்த்தெடுத்தது, மறைக்கவில்லை.

என்னைப் போன்றவர்கள் கிளம்புவதானால்: இந்தப் பேருந்துகளில் தலை சாய்க்க உயரமான முதுகு கிடையாது, ஒரு துண்டைச் சுருட்டி எடுத்துப் போங்கள். தோளில் மாட்டும் பை எடுங்கள், ஒரு கையாவது தாடைக்குச் சும்மா இருக்க வேண்டும். ஊசி போட்ட தேதியையும் மருந்தையும் தாளில் எழுதி வைத்திருங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள வாரமென்றால் தனியாகப் போய்த் தெருவோரம் சாப்பிடாதீர்கள், அது வீம்பு. மீன் ஏலத்தில் முன்வரிசையில் நிற்காதீர்கள். நின்றால், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேற்று மதுரைக்குத் தனியாகப் போய் ஊசி போட்டாயிற்று. போகும்போதும் வரும்போதும் இடப்பக்க ஜன்னல். ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயரை எழுதிய நர்ஸ் தலை நிமிராமல், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். பதினோரு வருடமாகக் காக்கா பதில் சொன்ன கேள்வி அது.

கையைத் தூக்கினேன்.