மூன்று தேக்குக் கதவுகளும் மயிலாத்தா அக்காவும்

போன வியாழக்கிழமை காலை, கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் ஓடி வந்து, "காதர் பாய், இஸ்திரி அக்கா போயிட்டாங்களாமுங்க" என்றார். நான் நம்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியிருந்தார். அவ்வளவு தெம்பாகத் திட்டியவர் விடிவதற்குள் எப்படிப் போவார்?

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். உக்கடத்தில் பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறேன். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது, என் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், அக்காவைத் திருத்தாதீர்கள் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். அவரை நல்லவர், சாந்தமானவர் என்று யாராவது எழுதினால் அது வேறு மயிலாத்தாள்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். எந்த வீட்டுப் பரணில் எது சும்மா கிடக்கிறது என்பது வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சேலை, போர்வை, பாத்திரம், பள்ளிக்கூடப் பை என்று கேட்டு வாங்கி, துவைத்து, கிழிசல் தைத்து, தான் பிறந்த தெருவுக்குக் கொண்டுபோவார். அது காங்கேயத்துக்கு இந்தப் பக்கம், தோட்டங்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாழும் தெரு. ஊர்ப் பெயரை எழுதினால் சிலருக்கு இன்னும் வலிக்கும், விடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியை வைத்ததுமே துணி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். நைந்ததைக் கொடுத்திருந்தால், அதையும் தேய்த்து, மடித்து, கொடுத்த வீட்டுக்கே கொண்டுபோவார். "அம்மணி, இது தரை தொடைக்கத்தான் ஆகுமுங்க. எங்கூர்லயும் தரைத்துணி நெறைய இருக்குதுங்க." கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு. மறுவாரம் அக்கா அங்கேயே போய் மறுபடியும் மணி அடிப்பார்.

முதல் தடவை என் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு போனபோது, நான் பெரிய வள்ளல் மாதிரி பின்கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்று கூவிச் சேலைகளை எடுத்து வீசினேன். ஒரே சேலையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையில் இழுத்தார்கள். முன்சீட்டிலிருந்து அக்கா இறங்கி வந்தார்.

"காதரு, கோழிக்குத் தீனியா போடறே? அத்தனையும் திருப்பி ஏத்து."

ஏற்றினேன். வீசியது ஐந்து நிமிடம், பொறுக்கியது அரை மணி. ஊரே பார்த்துச் சிரித்தது. அதன்பிறகு அக்கா எல்லோரையும் உட்கார வைத்தார். "இந்தத் தெருவுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. நீங்களே செய்யுங்க. செஞ்சு முடிச்சா இந்தத் துணிமணி உங்க உழைப்புக்குக் கூலி. ஓசில வாங்கினதுன்னு நாளைக்கு ஒருத்தனும் பேசப்படாது."

ஆண்கள் மைக்செட் வேண்டும் என்றார்கள். அக்கா காதில் வாங்கவே இல்லை. கடைசியில் ராசாத்தி என்ற பெண் எழுந்து, "குளிக்க ஒரு மறைப்பு வேணுமுங்க்கா. வாய்க்கால்ல ஒருத்தி குளிக்க நாலு பேரு காவல் நிக்கறோம்" என்றது. அதற்குப் பிறகு மைக்செட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெண்கள் கல் சுமந்தார்கள், ஆண்கள் சுவர் எழுப்பினார்கள். மூன்று குளியலறைகள் நின்றன. கதவுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். சாமான்களை விலை பேசலாம் என்று போனால், மூன்று தேக்குக் கதவுகளின் மேல் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பங்களா ஊட்டுக்காரம்மா எனக்குக் குடுத்துட்டாங்க. நீ மத்ததப் பாரு."

"குளிக்கிற ரூமுக்குத் தேக்கா அக்கா? மகாராணிகளா குளிக்கப் போறாங்க?"

"பின்னே? தகரத்த வெச்சா ஒரே மாசத்துல ஓட்டை. எட்டிப் பாக்கறவனுக்குத் தோதாப் போயிரும். உன்னைய எட்டிப் பாக்க ஆளில்லே, உனக்கெங்க தெரியப்போவுது?"

கதவுகளை நான்தான் மாட்டினேன். வெளித்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். "வெளிய இருந்து பூட்டற வேலையே வேண்டாம். உள்ள மட்டும் நல்லா கனமா வை."

பத்து நாள்கூட ஆகவில்லை. எல்லோரும் கடலைக்காய் பிடுங்கப் போயிருந்த நேரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் ஆள்விட்டு மூன்று கதவுகளையும் கழற்றிக்கொண்டு போனார். புறம்போக்கு நிலமாம், அனுமதி இல்லையாம். சுவர் மட்டும் அதே புறம்போக்கில் நிற்கலாமாம்! அவர் வீட்டிலேயே அப்படிக் கதவு கிடையாது. சங்கதி அதுதான்.

சேதி கேட்டதும் அக்கா இஸ்திரிப் பெட்டிக் கரியை அணைத்துவிட்டு வேனில் ஏறினார். என் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ கழற்றும் திருப்புளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பத்துப் பதினைந்து பெண்களோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம்.

"ஏனுங்க தலைவரே, கதவில்லாம எங்க புள்ளைக குளிக்கலாம்னா, கதவில்லாம நீங்க ஆபீசு நடத்தலாமுங்கல்ல?"

அவர் சிரித்தார். அக்கா ஆபீஸ் கதவின் மேல் கீலில் திருப்புளியை வைத்தார். முதல் ஸ்க்ரூ விழுந்தது.

"ஏம்மா, இது கவர்மெண்டு சொத்து!"

"அது எங்க சொத்துங்க. அதைக் கழட்டறப்ப உங்குளுக்குக் கை கூசலீங்களே!"

திருப்புளியை ராசாத்தியிடம் கொடுத்தார். ஆளுக்கொரு ஸ்க்ரூ. நான்காவதில் கதவு சாய்ந்து என் தோளில் விழுந்தது. நானும் கதவும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மத்தியானத்துக்குள் மூன்று தேக்குக் கதவுகளும் அவருடைய டிராக்டரிலேயே தெருவுக்குத் திரும்பின. போகும் முன் அக்கா என்னிடம் ஆபீஸ் கதவைப் பழையபடி மாட்டச் சொன்னார். ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை.

திருப்புளி மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ராசாத்தி, "அடுத்த வாரம் தாரேனுங்ண்ணா" என்றது.

வியாழக்கிழமை சாவு வீட்டுக்கு அதே தலைவர் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "இனி அந்தத் தெருவுக்கு ஆரு பாய் இருக்கறாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், அழுதுகொண்டிருந்த ராசாத்தி நிமிர்ந்து சொன்னது: "திருப்புளி எங்ககிட்டத்தானுங்க இருக்குது."

அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்காவை எடுத்தபிறகு அந்தப் பெண்களை என் வேனில் ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். வேனை விட்டு இறங்கியவர்கள் நேராகக் குளியலறைக்குப் போனார்கள். இன்னும் பொழுது சாயவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. யாரும் யாருக்கும் காவல் நிற்கவில்லை. நான் வண்டிப் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் உள்தாழ்ப்பாள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கனமாக வைக்கச் சொன்னீர்களே அக்கா, அந்தச் சத்தம்தான்.

போய் வாருங்கள், அக்கா. வேன் காலி. திருப்பி ஏற்ற ஒன்றும் இல்லை.