புளி போட்டுத் தேய்த்த அமெரிக்கச் செம்புக்காசு

செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு வயதான அமெரிக்கர் குடியிருக்கிறார். காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி, எதற்கெடுத்தாலும் புன்னகை. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேட்டி நிற்காத இடுப்புக்கெல்லாம் ஞானம் கேட்கிறது என்று அவர் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் கிளம்பும்போது, தொலைந்துவிடும் என்று ஒரு செம்புக்காசை என்னிடம் கொடுத்தார். அவர்கள் நாடு காசு அடிக்கத் தொடங்கிய காலத்தது. கறுத்த பழுப்பு நிறம். இரண்டு முறை அச்சு விழுந்து, இரண்டாவது நகர்ந்துவிட்டதால், அதிலிருந்த பெண்ணுக்கு இரண்டு மூக்கு.

"இந்தத் தப்பாலதான் சார் இதுக்கு மதிப்பு. அப்பா குடுத்தது. அடுத்த வாரம் என் பொண்ணு வரா, அவளுக்கு" என்றார், கற்றுக்கொண்ட தமிழில்.

ஒரு காசை ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை, அதில் பெருமை வேறு. உற்றுப் பார்த்தபின், அது அச்சுத் தப்புகூட இல்லை, இரண்டாவது மூக்கு வெறும் களிம்பு என்று முடிவு கட்டினேன். அதை அவர் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். சமையலறையில் என் மனைவி பூஜைச் செம்பு தேய்க்கப் புளி கரைத்து வைத்திருந்தாள். உப்பும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

"அடுத்தவங்க சாமானத்த ஏங்க தொடறீங்க?"

"அழுக்க எடுக்க யார கேக்கணும்?"

"நம்ம வீட்டு சொம்பத் தேய்க்கச் சொன்னா மட்டும் கை வலிக்கும்."

காசு புதுச் செம்பாகப் பளபளத்தது. இரண்டு மூக்கும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

விடியற்காலையில் திரும்பியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தேய்ச்சீங்களா சார்? அந்த நிறம் வர இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. காசு சேர்க்கறவங்க கழுவவே மாட்டாங்க. இனிமே இத யாரும் மதிக்க மாட்டாங்க."

"நல்லதுக்குன்னுதான் தேய்ச்சேன்" என்றேன். அவரை மட்டம் தட்டத் தேய்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் கைகூப்பினார். "தெரியும் சார். சாமி பாத்திரம் மாதிரி தேய்ச்சிருக்கீங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்." அந்த நல்ல குணத்தைக்கூட அசட்டுத்தனம் என்றே அன்று இகழ்ந்தேன்.

மறுவாரம் மகள் வந்தாள். காசை அவள் உள்ளங்கையில் வைத்து, நான் அன்பினால் தேய்த்துக் கொடுத்ததாக அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் காசைப் பார்த்தாள். பிறகு, அவள் அப்பாவை நான் வழக்கமாகப் பார்க்கிற பார்வையால் என்னைப் பார்த்தாள்.

"அன்பினாலா?" என்று கேட்டாள்.

அவர் புன்னகையோடு என் பதிலுக்குக் காத்திருந்தார். "ஆமாம்" என்றேன்.