கண்ணாடி ஏற்றிய கார்

எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு நான் பெற்றது, ஒன்று என் கொழுந்தனார் பிள்ளை. அவனை விட்டுவிட்டு நாலு என்று சொல்பவர்களை நான் சும்மா விடுவதில்லை. பள்ளிக்கூடம் மூன்றாவது வரைக்கும் போனேன். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் ‘போறேன்’ என்றால் அவள் ‘போகிறேன்’ என்று எழுதுவாள். எழுதட்டும். விஷயம் என்னுடையது.

விஷயம் எங்கள் காரைப் பற்றியது. போன கோடையில் அதன் ஏசி கெட்டுப்போனது. சரி செய்வதா, அப்படியே விடுவதா என்று வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்து பஸ்ஸில் எஞ்சின் வெளியே இருக்காது. டிரைவருக்கு இடது பக்கத்திலேயே, பெரிய பெட்டி போல மூடி வைத்திருப்பார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர் என்று ஆயுசில் பாதியை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஓட்டினார். இடது காது அதற்கே போய்விட்டது. வலது காது அரைகுறை. மகன் காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தான். “தட்ட வெச்சா வெடி வெடிக்கிற மாதிரி கேக்குது, மனுசங்க பேசுறது மட்டும் கேக்கல” என்று கழற்றி வைத்துவிட்டார்.

வீட்டில் அவரோடு பேச வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே நின்று கத்த வேண்டும். “சாப்புட வாங்க” என்பதைக் கத்தலாம். “மாத்திரை போட்டீங்களா” என்பதைக் கத்தலாம். எல்லாவற்றையும் கத்த முடியுமா? மருமகள் அடுப்படியில் இருப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். மனதில் ஒரு பயம் இருக்கும், ஒரு வருத்தம் இருக்கும், சும்மா ஒரு ஆசை இருக்கும். கத்திச் சொன்னால் அது சண்டையாகக் கேட்கிறது.

காரில் மட்டும் அப்படி இல்லை. சின்ன மகளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்து அவளைப் பார்க்கப் போவோம். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. நான் உட்காருவது அவருடைய கேட்காத காதுப் பக்கம்தான். ஆனாலும் கேட்டது. என் பேச்சு அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நல்ல காதுக்குள் போனதோ என்னவோ. குரலை உயர்த்தாமல் நான் பேசுவேன், அவர் ரோட்டைப் பார்த்தபடியே உம் கொட்டுவார். கல்யாணமான புதிதில் கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. அப்போது அவர் வீட்டில் இருந்தால்தானே!

சித்திரையில் ஒரு நாள், ஆலப்பாக்கம் தாண்டும்போது ஏசியிலிருந்து அனலாக வந்தது. கண்ணாடியை இறக்கினோம். காற்று ஹோவென்று உள்ளே வந்தது, லாரிகள் ஒவ்வொன்றும் காதைக் கிழித்துக்கொண்டு போயின.

“என்னா சொன்ன?” என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

“என்னா?”

“ஒண்ணுமில்ல, ரோட்ட பாத்து ஓட்டுங்க.”

அடுத்த வாரம் விடாமல் கத்திக்கொண்டே போனேன். மகள் வீட்டு வாசலில் இறங்கும்போது எனக்குக் குரல் இல்லை.

“என்னாம்மா, தொண்டை கட்டிகிச்சு? அப்பாகிட்ட சண்டையா?” என்றாள் மகள்.

“சண்டை போட்டிருந்தா அவருக்குல்ல கட்டியிருக்கணும்” என்றேன்.

அதற்கடுத்த வாரம் வேறு ஒரு யோசனை செய்தேன். பின் சீட்டில், அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் வலது காதுக்குப் பக்கத்தில் பேசலாம் அல்லவா? ஏறி உட்கார்ந்ததும், “எங்க போகணும் ஓனரம்மா?” என்று சிரித்தார். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் என்னிடம் வந்து, “டிரைவருக்கும் ஒரு டீ போட்டுடவாம்மா?” என்று கேட்டார். திரும்பும்போது முன்னாலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். ஏசியைச் சரி பண்ணிவிடலாம் என்றேன்.

“இந்த வண்டிக்கா? வித்தா வர்றத விட வேலைக்கு ஜாஸ்தி ஆவும்மா” என்றான் மகன். “வெள்ளன கெளம்புனா வெயிலே இல்ல. இல்லன்னா ஏசி பஸ்ல ஏறி உக்காந்து போயிட்டு வாங்க.”

“எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு” என்றேன். அது பொய். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கப்பாவோடு பேச ஆசையாக இருக்கிறது என்று இந்த வயதில் மகனிடம், மருமகளிடம் சொல்வார்களா? நான் பிறந்த வீட்டில் கூட வாய் திறந்து எதையும் கேட்டவள் இல்லை.

மகன் அவருக்கு முன்னால் போய்க் குனிந்து, “ஏசி வேணுமாப்பா?” என்று கத்தினான்.

“பஸ்ஸுல எனக்கு ஏசியா போட்டுக் குடுத்தாங்க? காத்துதான் வருதே, போதும்” என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மகன் சொன்னதில் வருத்தமில்லை, அவன் கணக்கு அவனுக்கு. இவருக்குப் போதுமாமே! இத்தனை நாள் உம் கொட்டியதெல்லாம் என் மனம் கோணாமல் இருக்கத்தானா? என் பேச்சு நின்றதில் அவருக்கு நிம்மதியோ என்னவோ என்று நினைத்தேன். பிறகு சில ஞாயிறுகள் நான் காரில் வாயே திறக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே போவேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, முதுநகர் தாண்டுவதற்கு முன்பே வண்டியை ஒரு பட்டறைக்குள் திருப்பினார். “ஒரு சத்தம் வருது, காட்டிட்டுப் போவோம்” என்று இறங்கினார். மெக்கானிக் எங்களுக்குத் தெரிந்த பிள்ளை, இவரை மாமா என்பான். முன்பக்கத்தைத் திறந்து எதையெதையோ பார்த்துவிட்டு, அவர் காதுக்குக் கிட்டே வந்து சத்தமாகச் சொன்னான்.

“கேஸ் அடிச்சா நிக்காது மாமா. உள்ள கூலிங் காயில் ஓட்டை. டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டணும். இந்த வண்டிக்கு அந்தக் காயில் புதுசா வர்றதே இல்ல, பழசுதான் தேடணும். எதுக்கு இவ்ளோ செலவு? அத்தைக்குப் புழுக்கமா இருக்குதா?”

இவர் நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டு, குனிந்து, ரகசியம் சொன்னார். காது கேட்காதவருக்குத் தன் குரல் எவ்வளவு என்று தெரியாது. பட்டறை முழுக்கக் கேட்டது.

“அவளுக்கு இல்லப்பா, எனக்கு. கண்ணாடிய ஏத்துனாதான் அவ பேசுறது கேக்குது. வீட்டுல கத்துறா, அது அவ கொரலே இல்ல. கொஞ்ச நாளா பேசுறதையே வுட்டுட்டா.”

ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் எதையோ கீழே போட்டுவிட்டவள் போலக் கால்மிதியில் தேடினேன். நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் வந்து ஏறினார். “உனக்குப் புழுக்கமா இருக்குதுன்னு சொல்லிட்டேன். செஞ்சிடலாங்கிறான்” என்றார்.

நானும் தலையாட்டினேன். அன்று சாப்பாட்டில் மருமகள் பரிமாறிக்கொண்டு நிற்கும்போது, எனக்குப் பொண்டாட்டி பேசுவது கேட்கவில்லை என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அவருக்கு அவர் வீம்பு, எனக்கு என் வீம்பு.

பண்ருட்டியில் ஓட்டம் நின்றுபோன வண்டி ஒன்றிலிருந்து அந்தக் காயில் கிடைத்தது. மகனுக்குக் கோபம். “சொன்னா கேக்குறீங்களா ரெண்டு பேரும்?” என்றான்.

“கேக்காததுனாலதான்டா செய்யிறோம்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

வண்டி வந்த பிறகு முதல் ஞாயிறு. முன்பு போல ஜில்லென்று இல்லை. என் முழங்காலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வந்தது, அவர் பக்கம் அதுவும் இல்லை. ஆனால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினோம். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. புதுப்பெண் போல முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கமும் போய்விட்டது.

“என்னாடி, ஏசி சரியாயிடுச்சு, இப்ப ரேடியோ ரிப்பேரா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். எனக்கே கொஞ்சம்தான் கேட்டது. அவர் உம் கொட்டினார். முட்லூர் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது பதில் சொன்னார்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “ஆயா, நீங்க என்னா சொன்னீங்க? தாத்தா என்னா சொன்னாரு?” என்கிறாள்.

“ஊருக்குச் சொல்றதுக்கா அவ்ளோ செலவு பண்ணிக் கண்ணாடிய ஏத்துனோம்? எழுதுனது போதும். எங்க, மொதல்லேருந்து படி. நான் சொல்லாதத நீயா எதனா சேத்திருந்தீன்னா கண்டுபுடிச்சிடுவேன்.”