நான் மலையை விற்ற நாள்

எனக்கு ஒன்பது வயதானபோது, லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் பள்ளிக்கூட மேடையில், லகோட்டா மக்களின் புனித மலையை ஊர் பார்க்க விற்றுவிட்டேன்.

விற்கக் கூடாது என்பதுதான் நாடகமே. அமெரிக்காவில் பைன் மரங்கள் அடர்ந்து, தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரியும் மலைகள் இருக்கின்றன, அங்கத்தைய பூர்வகுடிகளான லகோட்டா மக்களுக்கு அவைதான் கோயில் என்று எங்கள் ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். அது உங்களுடையது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்ததாம். தங்கம் கிடைத்ததும் பறித்துக்கொண்டதாம். வெகுகாலம் கழித்து விலை தருகிறோம் என்றபோது அந்த மக்கள் வாங்க மறுத்துவிட்டார்களாம்.

நீளமான இரட்டைப் பின்னல் இருந்ததால் தலைவர் வேடம் எனக்கு வந்தது. பூங்காவில் பொறுக்கிய புறா இறகுகளை அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, கிரீடம் தைத்துத் தந்தார். எனக்கு ஒரே ஒரு வசனம்: "எங்கள் மலை விற்பனைக்கு இல்லை."

நாடகம் பார்க்க அம்மாவோடு சித்தப்பாவும் வந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். அவருடைய வீடும் காணியும் இராணுவம் அமைத்த ஆமிக் காம்புக்குள் போய்விட்டன என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். வீடு எப்படி எழுந்து போகும் என்று நான் யோசிப்பேன். காணிக்கு ஏதோ காசு கொடுப்பார்களாம் என்று யாராவது சொன்னால் சித்தப்பா அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவார்.

ஒத்திகையின்போது, மலைக்கு விலை என்று அரசாங்க அதிகாரி நீட்டும் பையில் பழைய கடதாசிதான் இருந்தது. அன்றைக்கு ரீச்சர் அதில் தங்கத்தாள் சுற்றிய சொக்லேட் காசுகளை நிரப்பியிருந்தார். அதிகாரியாக நடித்த பையன் பையின் வாயைத் திறந்து காட்டினான். என் வசனம் பறந்துவிட்டது. அம்மா பழக்கியபடி இரண்டு கையாலும் வாங்கி, "தாங்க் யூ" என்றேன்.

மண்டபமே சிரித்தது. திரைக்குப் பின்னால் ரீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்:

"ஏன் பிள்ளை அதை வாங்கினனீ?"

"சொக்லேட், சித்தப்பா."

"ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நாடகம்தானே தம்பி" என்றார் அம்மா. "சின்னப் பிள்ளையிட்டைப் போய்..."

"ஓம் அண்ணி. நாடகம்தான்."

பிறகு அவர் எங்களை விட்டு முன்னால் வேகமாக நடந்தார். பங்கு கொடுக்காததால்தான் கோபம் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போனதும் இருந்ததிலேயே பெரிய காசை எடுத்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது உங்கட பங்கு, சித்தப்பா."

உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம், குஞ்சு."

சித்தப்பாவுக்கு சொக்லேட் பிடிக்காது என்று முடிவு செய்து, அதையும் நானே தின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள், கிறிஸ்மஸுக்குக்கூட, அவருக்கு நான் சொக்லேட் வாங்கிக் கொடுக்கவேயில்லை.