டீச்சரின் பச்சைக் காரும் நான் பார்க்காத தேதியும்

முதன்முதலில் அந்தக் காரின் கூரையைத்தான் பார்த்தேன். செங்கத்தில் என் உதிரி பாகக் கடை சாலையைவிட மூன்று படி உயரத்தில் இருக்கிறது. லாரி வந்து நின்றால் டிரைவரின் முகம் எனக்கு நேராக இருக்கும். டிராக்டர் என்றால் ஸ்டியரிங் தெரியும். அன்று ஏதோ உறுமல் கேட்டு நிமிர்ந்தபோது, படிகளுக்குக் கீழே கரும்பச்சையில் ஒரு தகடு மட்டும் வெயிலில் பளபளத்தது. கதவு திறந்தது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி, பள்ளத்திலிருந்து ஏறி வருகிறவரைப்போல ஒரு பெண் வெளியே வந்தார். விரல்களில் சாக்பீஸ் தூள்.

"வைப்பர் ரப்பர் வேணுங்க. இந்த வண்டிக்குக் கெடைக்காதுன்னு எனக்கே தெரியும். வேற எதையாச்சும் வெட்டிப் போடலாமான்னு கேக்க வந்தேன்."

அவர் ஜவ்வாது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம். வார நாட்களில் ஜமுனாமரத்தூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சனிக்கிழமைகளில் கீழே இறங்குவார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வயதான அந்த ஸ்போர்ட்ஸ் காரை அவரே தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். டிராக்டர்காரர்கள் அதை ரேஸ் வண்டி என்றார்கள். மலையில் வேலை செய்கிற ஒரு டீச்சருக்கு இது எதற்கு என்று கேட்காதவர் இல்லை. "காலேஜ் படிக்கச்சொல்ல வேலூர்ல ஒண்ணு பார்த்தேன். புடிச்சிருந்துச்சு" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஒரு பொம்பளைக்கு உதிரி பாகக் கடை எதற்கு என்று, நான் கடை வைத்தபோதும் இதே ஊர் கேட்டிருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூரில் ஒரு பெரிய உதிரி பாகக் கடையில் எட்டு வருடம் கவுண்டரில் நின்றுவிட்டுத்தான் செங்கத்தில் சொந்தக் கடை போட்டேன். ஆரம்பத்தில் வருகிறவர்கள் என்னைச் சோதிப்பார்கள். உடைந்த ஒரு துண்டை மேசைமேல் போட்டுவிட்டு, எந்த வண்டி என்று சொல்லாமல் நிற்பார்கள். நான் கையில் எடுத்து ஒரு திருப்பு திருப்பி, வண்டியின் பெயரையும் அது எந்தப் பக்கத்துப் பாகம் என்பதையும் சொல்லிவிட்டு, புதியதை எடுத்து வைப்பேன். இரண்டு வருடத்தில் சோதனை நின்றது. தெரியாது என்ற சொல்லை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் சொன்னதே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் கடையைத் திறப்பதில் அர்த்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

அன்று வேன் வைப்பரின் ரப்பரை அளந்து வெட்டி டீச்சரின் காருக்குப் போட்டுக் கொடுத்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அதன்பின் மாதத்துக்கு இரண்டு முறையாவது வருவார். பழைய காருக்குப் பாகம் தேடுவது வேறு வகையான வேலை. புதிய வண்டி என்றால் நம்பரைச் சொன்னால் டப்பா வந்துவிடும். இதற்கு ஒவ்வொன்றுக்கும் நாலு வழி இருந்தது: கம்பெனி செய்தது, வேறு யாரோ அதே அளவில் செய்தது, பழைய வண்டியிலிருந்து கழற்றியது, வேறொரு வண்டியுடையதைத் தேய்த்துப் பொருத்துவது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இது கெட்டுப்பூட்டா இன்னா ஆவும்?"

மழை உள்ளே வரும் என்று நான் சொன்னால், எதுவானாலும் பரவாயில்லை என்பார். அப்படித்தான் ஆட்டோ கதவின் ரப்பர் பட்டை அந்தக் காரின் கதவுக்குப் போனது. வண்டி கிளம்பாது என்றால், நல்லதாகப் பார்த்து வாங்கித் தரச் சொல்வார். வண்டி நிற்காது என்றோ திரும்பாது என்றோ சொன்னால் மட்டும் பேச்சு நீளும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பாகத்தை வெளிச்சத்தில் பிடித்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப்போலப் பார்ப்பார். மற்ற வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து முனகுவார்கள். நான் உள்ளூர ரசிப்பேன். இந்த அளவு கவனத்தோடு என் சரக்கை யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் முன்சக்கர பிரேக் ஹோஸ்களை மாற்ற வேண்டும் என்று வந்தார். பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய்கள் அவை. பழையவை உப்பியிருந்தன. நான் சென்னையிலும் பெங்களூரிலும் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். மூடப்போகிற ஒரு பழைய கடையின் அலமாரியில் அசல் கம்பெனி ஹோஸ்கள் மூன்று இருப்பதாகத் தகவல் வந்தது. மூன்றையும் வரவழைத்தேன். சீல் உடைக்காத டப்பா; ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தேன், ரப்பரில் ஒரு கீறல் இல்லை, கறுகறுவென்று மினுங்கியது. அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. டீச்சர் வந்ததும் மற்ற இரண்டின் சீலையும் அவரையே உடைக்கச் சொன்னேன்.

அவர் குழாயைத் தடவிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பினார். "இது எப்போ செஞ்சதுங்க?"

"கம்பெனி சீலே இருக்குது டீச்சர். இதுக்கு மேல இன்னா வேணும்?"

"இல்ல, ரப்பர் இல்லீங்களா. அதான் கேட்டேன்."

கவுண்டரில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் சரக்கைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. குழாயின் மேலேயே சிறிய எழுத்தில் ஏதோ எண்கள் அச்சாகியிருந்தன. நான் அதைப் படிக்கவில்லை. "நான் சொல்றேன் டீச்சர், தைரியமா போடுங்க" என்றேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிங்க" என்றார். பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அன்றே இரண்டு பக்கமும் மாட்டிக் கொடுத்தார். மூன்றாவது என் அலமாரியில் தங்கியது.

ஐந்து வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் டீச்சர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வழக்கமாக இரண்டு இரண்டு படியாக ஏறுகிறவர், அன்று கைப்பிடியைப் பிடித்து ஏறினார். இடது முழங்கையில் கட்டு. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

சனிக்கிழமை மதியம் மலை இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதி அப்படியே தரைக்குப் போய்விட்டது. பின்சக்கரங்களில் மட்டும் கொஞ்சம் பிடித்திருக்கிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தியிருக்கிறார். எதிரே எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்று நான் யோசித்ததைப் புரிந்துகொண்டவர்போல, "ஒண்ணும் ஆவல இல்ல, விடுங்க" என்றார். பொட்டலத்தைப் பிரித்தார். இடதுபக்கத்து ஹோஸ் நீளவாக்கில் பிளந்திருந்தது.

அப்போதும் கவுண்டரில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மெக்கானிக்கும் வந்துவிட்டார். அவர் என்மேல் பிரியமுள்ளவர். பிளந்த குழாயைப் பார்த்துவிட்டு, "ரோட்டுல கல்லு கில்லு அடிச்சிருக்கும்க்கா. மலை ரோடு இல்ல" என்றார். எனக்கு ஒரு வழி திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அங்கே நின்றிருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். டீச்சர்கூட எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அவர் என்னிடம் சண்டை போட வரவில்லை. வேறு ஹோஸ் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

நான் அலமாரியிலிருந்து மூன்றாவது ஹோஸை எடுத்து, எல்லோரும் பார்க்க இரண்டாக மடித்தேன். மினுங்கிய கறுப்பில் நரை விழுந்ததுபோல மெல்லிய வெள்ளைக் கோடுகள் தோன்றின. இன்னும் அழுத்தினேன். கோடுகள் வாய் பிளந்தன. பிறகு அந்தச் சிறிய எண்களைப் படித்தேன். அந்தக் குழாய் செய்யப்பட்ட வருடத்தில் நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அசல்தான், சந்தேகமில்லை. டப்பாவுக்குள் இருந்தபடியே கிழமாகிவிட்ட அசல்.

"கல்லு அடிக்கல. டீச்சர் தேதி கேட்டாங்க. நான் பாக்காமலே தைரியமா போடுங்கன்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நின்றிருந்தவர்களில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். இன்னொருவர், தனக்கு ஏர் ஃபில்டர் வேண்டும், கொஞ்சம் அவசரம் என்றார். கூரை இடிந்து விழவில்லை. நான் ஃபில்டரை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாளும் ஹோஸ் வேலைதான். கோயம்புத்தூரில் மாதிரியைப் பார்த்து அதே அளவில் புதிதாகச் செய்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்து அனுப்புகிற ஒரு சின்னப் பட்டறையைக் கண்டுபிடித்தேன். அவர்களுக்குப் பெயரும் கிடையாது, பளபளக்கும் டப்பாவும் கிடையாது. பிளாஸ்டிக் பையில் வந்தன. ஒவ்வொன்றிலும் செய்த மாதம் அச்சாகியிருந்தது. முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றுக்கும் வாங்கி, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நானே மலை ஏறினேன். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், பலா மரத்தடியில், டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருந்த அந்தக் கார் நசுங்கிய முன்பக்கத்தோடு நின்றிருந்தது. மாட்டி, எண்ணெய் ஊற்றி, குழாய்களுக்குள் இருந்த காற்றை வெளியேற்றி முடிக்க மதியமாகிவிட்டது. மெக்கானிக் மைதானத்தை இருபது முறை சுற்றி நிறுத்திப் பார்த்தார்.

மெக்கானிக் முன்னால் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நானும் கிளம்பியபோது டீச்சர் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க, நம்ம வண்டியிலேயே போவலாம்."

அதில் ஏறுவது கிணற்றில் இறங்குவதுபோல இருந்தது. சாலை என் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடியது. சாமை வயல்கள் கண்ணுக்கு நேராக வந்து நின்று விலகின. வளைவுக்கு வளைவு என் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது. நாலாவது வளைவில் டீச்சர் பார்த்துவிட்டார்.

"உங்க பக்கம் பிரேக்கு இல்லீங்க."

"தெரியும் டீச்சர். காலு கேக்க மாட்டேங்குது."

அவர் சத்தமாகச் சிரித்தார். அடுத்த வளைவில் மேலேறி வந்த பஸ் ஒன்று சாலையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு வந்தது. டீச்சர் மிதித்தார். கார் சரிவில் மூக்கைத் தாழ்த்தி, ஒரு முழம்கூட நழுவாமல் நின்றது. பஸ் எங்கள் தலைக்கு மேல் உரசுவதுபோலக் கடந்து போனது. பிறகு அவர் கியரைப் போட்டுக்கொண்டே, "ஸ்டியரிங் பக்கம் ஒரு சத்தம் வருது. அந்த ராடு மாத்தணும். எது நல்லா இருக்கும், கம்பெனியா, வெளியில செஞ்சதா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில், அந்தச் சரிவில், இன்னொரு பாகத்தைப் பற்றி என்னிடமே கேட்கிறார். வாய்க்குப் பதில் தயாராக வந்தது. அதை விழுங்கினேன்.

"தெரியாதுங்க. விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

"ம். சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வளைவைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

டீச்சர் மாற்றலாகித் தெற்கே ஒரு மாவட்டத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. காரும் அவரோடு போய்விட்டது. என் கடையில் இப்போது ரப்பர் சாமான் எதுவானாலும் தேதியைப் பார்த்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். தெரியாது என்று வாரத்தில் நாலைந்து முறையாவது சொல்கிறேன், வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. போன வாரம் அவர் போன் செய்தார். பின்சக்கர பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் வாஷர் வேண்டுமாம். அந்த ஊரில் பெரிய கடைகள் இருக்குமே, இங்கிருந்து பார்சல் போட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. போய்ட்டும் வந்துட்டேன்" என்றார் டீச்சர். "அந்தக் கடக்காரரு எல்லாம் தெரியும்ன்றாரு. எனக்கு பயமா இருக்குது. நீங்களே அனுப்பிடுங்க."