குறுக்கே அறுத்த கல்

எங்கள் ஃபெஸ்டினியோக்கில் வருஷத்துக்கு முக்கால்வாசி நாள் மழை. இந்த ஊரிலிருந்து ஒருவன் வெப்பத்தை ஆராயக் கிளம்பினான் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

இத்தெல் பாரியும் நானும் சிலேட்டுச் சுரங்கத்தில் ஒரே கொட்டகையில் கல் பிளந்தவர்கள். பிளப்பதில் அவன் சுமார்தான்; உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மதியம் கபானில், அதாவது நாங்கள் சாப்பிட்டுவிட்டு வாதம் பண்ணும் குடிசையில், அடுப்பின் மேல் ஒரு சிலேட்டுப் பலகை கிடக்கும். எங்கள் தேநீர்ப் பாத்திரங்கள் அதன்மேல்தான் சூடாகும். இத்தெல் தேநீரை மறந்துவிட்டு அந்தப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். சூடு பக்கவாட்டில் ஓடுகிறது, மேலே ஏறத்தான் சோம்பல்படுகிறது என்பான்.

"உன்ன மாதிரியேதான்" என்பார் கபான் தலைவர் ஹியூ.

உதவித்தொகை கிடைத்து பாங்கர் கல்லூரிக்குப் போனான். படிப்பு முடிந்தும் அங்கேயே இருந்து ஒன்பது வருஷம் எங்கள் கல்லை அளந்தான். சிலேட்டு எந்த வரியில் பிளக்குமோ அந்த வரியோடு சூடு வேகமாகப் போகிறது; வரிக்குக் குறுக்கே அதில் பாதி வேகம்தான். இதுதான் அவன் கண்டது. லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்று சரிபார்த்து ஆமாம் என்றால் அவனுக்கு விரிவுரையாளர் வேலை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வரியோடு பிளந்தது நாலு, வரிக்குக் குறுக்கே அறுத்தது நாலு, லண்டனுக்கு அனுப்பிவை என்று எனக்குக் கடிதம் போட்டான். கபானில் படித்துக் காட்டினேன். ஒரே கூச்சல்.

"குறுக்கே அறுத்த சொத்தையெல்லாம் லண்டனுக்கா? நம்ம மானம் என்னத்துக்கு ஆவுறது?" என்றார் ஹியூ.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வழவழவென்று எட்டுத் துண்டு பிளந்து அனுப்பினேன். எட்டும் வரியோடு பிளந்தவை. இத்தெலிடம் மூச்சு விடவில்லை.

எட்டிலும் சூடு போகும் வேகம் ஒரே எண்தான் வருகிறது, இரண்டு எண் என்பது கற்பனை என்று லண்டன் எழுதிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மதியம் இத்தெல் கபானுக்குள் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எலிஸ், குறுக்க அறுத்தத அனுப்பினியா இல்லியா?"

"இல்லடா. பாக்க அசிங்கமா இருக்கும்னு..."

"அடப்பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

ஹியூ கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"நாங்களும் சேந்துதாம்பா கெடுத்தோம். எலிஸ், எந்திரி. போய் அறு."

குறுக்கே அறுத்த மெல்லிய சிலேட்டு சொன்னபடி கேட்காது. குச்சி குச்சியாக உதிரும். பதினோரு துண்டு உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் நானே என்னைத் திட்டிக்கொண்டேன். நாலு தேறியது, அதுவும் விளிம்பெல்லாம் பொக்கை பொக்கையாக.

"எலி கடிச்சதாடா?" என்று கேட்டார்கள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பெட்டிக்குள் வைக்கோல் திணித்து அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து இத்தெல் கபானுக்கு வந்து லண்டன் கடிதத்தை என் கையில் கொடுத்தான். உரக்கப் படித்தேன். இரண்டு எண்களும் சரி. வேலை அவனுக்குத்தான். ஹியூ பாட்டை எடுத்தார். முப்பது பேரும் கூரை அதிரச் சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் மீதியைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை தவறான துண்டுகள் வந்தது 'என் கவனக்குறைவு' என்று தாங்கள் எழுதியதை ஏற்கிறோம் என்று கடைசியில் இருந்தது.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டேய், தப்பு பண்ணவன் நான். உன் தலைல ஏன்டா போட்டுக்கிட்ட?"

"கபான் விஷயம் லண்டனுக்கு எதுக்குடா? பாடு. கீழ்க்குரலுக்கு ஆள் பத்தல."

எங்கே பாடுவது? பெருமை தாங்காமல் முப்பது பேர் நடுவில் அழுதுகொண்டு நின்றேன்.